நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

வேட்புமனுப் பரிசீலனை பதினொரு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். நாங்கள் பத்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். நாங்கள் என்றால் மூன்று பேர்: சுயேச்சை வேட்பாளர் டாக்டர் தவமலர், அவருடைய கணவர் அன்பழகன் சார், முகவராகக் கையெழுத்துப் போட்டிருந்த நான். என் பெயர் வினோதினி. திருமலைராயன்பட்டினத்தில் டாக்டருடைய மருத்துவமனையில் பதினொரு வருடமாக டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரின் மனுவைத் தேர்தல் அதிகாரி கையில் எடுத்ததும், மணிபாரதியின் முகவர் அறிவுச்செல்வன் எழுந்து நின்றார். மணிபாரதி இரண்டு முறை எங்கள் தொகுதியில் ஜெயித்தவர். அறிவுச்செல்வன் அவருடைய வக்கீல்.

"மேடம், இந்த வேட்பாளர் இந்தியக் குடிமகளான்னு எங்களுக்குச் சந்தேகம். இவங்க பொறந்தது பருத்தித்துறை. இது மெட்ராசுல டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்தப்ப எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தோட நகல். நாடுங்கற எடத்துல இலங்கைன்னு அவங்க கையாலயே எழுதியிருக்காங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், குடியுரிமைச் சான்றிதழ் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இருந்தது. கடல் கொண்டு போயிட்டுது."

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். காரைக்காலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவராக இருக்க வேண்டும். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

"பாஸ்போர்ட்?"

"எடுக்கேல்லை. எங்கே போறதுக்கு?"

அதிகாரி மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்தார். பிறகு சொன்னார்: "சான்றிதழோட எண்ணும் தேதியும் இருந்தாக்கூடப் போதும். புதுச்சேரியில பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிடலாம். சான்றிதழ் வாங்குன வருசத்த மட்டும் வச்சுக்கிட்டு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நாளைக்குக் காலையில பதினொரு மணி வரைக்கும் டயம் தர்றேன். அதுக்குள்ள வரலைன்னா மனுவைத் தள்ளுபடி செய்யறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

வெளியே வந்ததும் அன்பழகன் சார், "எண் ஞாபகம் இருக்கா தவம்?" என்று கேட்டார்.

"அந்தக் காலத்திலே மனப்பாடம். இருபத்தொரு வருசத்திலே எத்தனை பேருடைய பிரஷரும் சுகரும் இந்தத் தலைக்குள்ள வந்துட்டுப் போயிருக்கு."

டாக்டர் எப்படி எங்கள் கரைக்கு வந்தார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எண்பத்தாறில், பத்தொன்பது வயதில், மருத்துவம் படிக்க விமானத்தில் வந்தார். படித்து முடிக்கும்போது திரும்பிப் போக வீடு இல்லை. படித்த கல்லூரியின் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அம்பகரத்தூர் அன்பழகன் சாரைக் கல்யாணம் செய்துகொண்டார். பட்டினத்தை ஒட்டிய எங்கள் மீனவ ஊரான பட்டினச்சேரிக்கு எந்த டாக்டரும் வரமாட்டேன் என்றிருந்த நாளில், "எங்கடை ஊரும் கடற்கரைதான்" என்று சொல்லிக்கொண்டு வந்து, ஊர்க்கோடியில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். எதைக் கேட்டாலும், ஆமாம் என்பதற்குத் தன் ஊர் வழக்கில் "ஓம்" என்பார். அதனால் ஓம் டாக்டர் என்று பெயர். இரண்டாயிரத்து ஒன்றில் குடியுரிமை கிடைத்தது. இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் பட்டினத்தில் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் பிழைத்தார். வீடும் வீட்டுக்குள் இருந்ததும் போய்விட்டன. அப்புறம் ஒரு மாதம், காகிதம் தொலைத்த அத்தனை பேருக்கும் இவர் இன்னார்தான் என்று டாக்டர்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தனக்கென்று ஒரு விண்ணப்பம் எழுதவில்லை. அந்தத் தவறுதான் இப்போது எதிரே வந்து நிற்கிறது.

தேர்தலுக்கு அவரை இழுத்துவிட்டது கவியா. எங்கள் பட்டினச்சேரிப் பெண்தான். இரண்டு வருடத்துக்கு முன் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், ரத்தம் தேடிப் போன வழியிலேயே வண்டிக்குள் போய்விட்டாள். குழந்தை பிழைத்தது. பட்டினத்தில் ரத்தம் வைக்க ஒரு குளிர்பெட்டியும், இரவு பகலாக ஆள் இருக்கும் பிரசவ வார்டும் வேண்டும் என்று டாக்டர் பதினான்கு மனு கொடுத்தார். எல்லாம் நான் எழுதியவை. பதினான்காவது மனுவைக் கொடுக்கப் போனபோது மணிபாரதி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "டாக்டரம்மா, இதெல்லாம் சட்டமன்றத்துல பேசுற விஷயம். கிளினிக்ல உக்காந்து பேசி என்ன ஆகப்போவுது?" என்றார்.

"ஓம். அப்ப அங்கேயே வந்து கதைக்கிறன்" என்றார் டாக்டர். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மருத்துவமனைக்குத் திரும்பிய நாங்கள் பீரோ, பெட்டி, பரண் என்று ஒன்று விடாமல் கவிழ்த்தோம். சுனாமிக்கு முந்தையது எதுவும் அங்கே இருக்க முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும். சும்மா இருக்க முடியாமல் தேடினோம். ஒன்றரை மணிக்கு அன்பழகன் சார் பெஞ்சில் சாய்ந்து, "வினோ, தண்ணி குடும்மா" என்றார்.

நோயாளிகள் மாத்திரை போடுவதற்காக வாசலில் ஒரு அலுமினியக் குண்டானில் தண்ணீர் வைத்திருப்போம். நான் சேர்ந்த நாளிலிருந்து தினமும் அதைக் கழுவி நிரப்புகிறவள் நான்தான். மொண்டு கொடுத்துவிட்டு மூடும்போது, விளிம்புக்குக் கீழே சிவப்புப் பெயின்டில் தேய்ந்துபோன எண் கண்ணில் பட்டது. 412. பதினொரு வருடமாகப் பார்த்த எண். அன்றைக்குத்தான் படித்தேன்.

எங்கள் வீட்டில் இதே குண்டான் உண்டு. அதில் 187 என்று இருக்கும்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டினச்சேரியில் கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளையும் ஊருக்கு ஒரு வரி. கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு வரியும் கொடுக்க வேண்டும். ஊருக்குப் பொதுவாக எது வந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பங்கு. சுனாமிக்குப் பிறகு அரிசியும் பாத்திரமும் வந்தபோது, அடித்துக்கொள்ளக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து ஒரு நோட்டுப் போட்டது. வரி எண், பெயர், கடல் கொண்டுபோன பொருள், தொலைந்த காகிதம், அதன் எண் நினைவிருந்தால் அதுவும். எண்ணைப் பாத்திரத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். கடைசியாக டாக்டரைக் கூப்பிட்டார்கள். தனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார் அவர். அப்போதைய தலைவர் உத்திராபதித் தாத்தா, "பங்கு வேணாங்கறவங்க ஊரே வேணாங்கறாங்கன்னு அர்த்தம். வாங்கிக்குங்க" என்றார். டாக்டர் வாங்கிக்கொண்டார்.

"டாக்டர், நோட்டுல உங்க பேரு இருக்கு. சர்டிபிகேட் போச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா எண்ணும் இருக்கும்."

டாக்டர் கையிலிருந்த ஃபைலைக் கீழே வைத்தார். "சொன்னனான், பிள்ளை. ஒரு பெடியன் எழுதினவன். எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்டவன்."

"அந்த வரி உங்க பேர்லயா, சார் பேர்லயா?"

"என் பேர்ல எங்கம்மா போடுவாங்க?" என்றார் அன்பழகன் சார். "அம்பகரத்தூர்க்காரனுக்குக் கடக்கரையில என்னா வேலைன்னு பெரியவரு என் எதிர்லயே சொன்னாரு. இன்னிக்கி வரைக்கும் அந்த ஊர்ல நான் டாக்டர் வூட்டுக்காரரு மட்டுந்தான்."

குண்டானில் மிச்சமிருந்த தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு, அதை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டேன். டாக்டர் பின்னால் உட்கார்ந்தார்.

சிக்கல் ஒன்று இருந்தது. அந்த நோட்டு மாரியம்மன் கோயில் பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் சாவி இப்போதைய தலைவர் தங்கப்பனிடம். உத்திராபதித் தாத்தாவின் மகன். எனக்கு மாமா முறை. பத்து நாளைக்கு முன்னால்தான் ஊர் கூடி, மணிபாரதிக்கே ஓட்டு என்று வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தது. பட்டினச்சேரியில் ஊர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. தங்கப்பன் மாமா வலை பின்னிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது.

"பெட்டிய நான் தனியாத் தொறக்க முடியாதும்மா. ஊரக் கூட்டணும். ஊரு மணிபாரதிக்கு வார்த்த கொடுத்துருக்கு. டாக்டரம்மா மேல நமக்கு மருவாதி இல்லாம இல்ல. எத்தன உசுரு..."

"அதைச் சொல்லாதேங்கோ தம்பி" என்றார் டாக்டர். "வைத்தியம் பார்த்ததைச் சொல்லிக் கேட்டா அது வியாபாரம். நான் அதுக்கு வரேல்லை. ஊரைக் கூட்டுங்கோ. அது போதும்."

நாலு மணிக்குக் கோயில் வாசலில் ஊர் கூடியது. ஆண்கள் பந்தலுக்குக் கீழே. பெண்கள் கூட்டத்தில் உட்கார்வது வழக்கமில்லை. ஆனாலும் மீன் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு மதில் ஓரமாக நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் எப்படியோ போய், அறிவுச்செல்வனும் காரில் வந்து இறங்கினார். அவர் வெளியூர்க்காரர் என்பதால் பந்தலுக்கு வெளியே நிறுத்தி இளநீர் கொடுத்தார்கள்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "மாமா, ஓட்டு கேட்டு நாங்க வரல. தன் பதிவப் பாக்கணும்னு ஒரு வரி கேட்டா பெட்டியத் தொறந்து காட்டணும். எங்கப்பாவுக்கும் படகுத் தகராறுல அப்படித்தான் காட்டுனீங்க. டாக்டரும் ஒரு வரி. அவங்க கேக்கறாங்க."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். "பொம்பளைக்கு ஏது வரி? நம்மூர்ல உண்டா?"

"நோட்டப் பாத்தா தெரியும்."

"நோட்டப் பாக்கணும்னா வரியா இருக்கணும்ல."

கூட்டம் சிரித்தது. மாமாவும் தலையைச் சொறிந்தார். "அவன் சொல்றதும் சரிதானே வினோதினி. வரின்னு தெரிஞ்சாத்தான் பெட்டி. பெட்டியத் தொறந்தாத்தான் வரியான்னு தெரியும். நான் என்னா பண்றது?"

அறிவுச்செல்வன் இளநீரை வைத்துவிட்டு, வெளியே நின்றபடியே, "தலைவரே, ஊரு வார்த்த ஊரு வார்த்தைதான். மறந்துடாதீங்க" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் குண்டானைக் கொடுத்தேன். அவர் நடந்து போய் அதை மாமாவின் காலடியில் கவிழ்த்து வைத்தார்.

"இதிலே ஒரு எண் இருக்குது. வாசியுங்கோ."

மாமா குனிந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் படித்தார். "நானூத்திப் பன்னெண்டு."

"குண்டான் சந்தையிலகூட வாங்கலாம்" என்றார் அந்த முன்வரிசைக்காரர். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

மதில் ஓரத்திலிருந்து காசியம்மா அத்தை எழுந்தார். தங்கப்பன் மாமாவின் மனைவி. சந்தையில் மீன் விற்கிறவர். நேராக வீட்டுக்குப் போய்த் தன் குண்டானை எடுத்துவந்து டாக்டருடையதற்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். 96. அதே சிவப்பு, அதே கையெழுத்து.

"சந்தையில எந்தக் கடயிலய்யா இந்த மாரி நம்பர் போட்டு விக்கிறான்? எனக்குச் சொல்லு, நான் போயி வாங்கியாறேன்" என்றார் அத்தை. "அன்னிக்கி மாமனாரு கூப்புட்டுக் குடுத்தப்ப நான் நின்னேன். நீயும் நின்ன. அப்ப அவங்க பொம்பளன்னு ஒனக்குத் தெரியலயாக்கும்."

"அத்தாச்சி, சட்டம்னு ஒண்ணு..."

"சட்டம் அப்பறம். ஒங்க வூட்டுக் குண்டான் எங்க? எடுத்துட்டு வரச் சொல்லு."

அதற்குள் இன்னும் பதினாறு பதினேழு பெண்கள் எழுந்து போயிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் குண்டான்கள் வந்தன. நசுங்கியவை, கரி பிடித்தவை, அடியில் ஒட்டுப் போட்டவை. 31, 208, 340, 411. கோயில் வாசலில் பத்தொன்பது குண்டான்கள் கவிழ்ந்து கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. அந்த எண்களை எழுதிய சரவணன் பிற்பாடு கடலில் போய்விட்டான்; அந்தக் கையெழுத்தில் இனி யாரும் புதிதாக எழுதிவிட முடியாது. அது ஊருக்கே தெரியும்.

தங்கப்பன் மாமா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

நோட்டு ஈரத்தில் காய்ந்து தடித்துப்போய் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இருந்தது பதிவு. மாமா நிறுத்தி நிறுத்திப் படித்தார். "நானூத்திப் பன்னெண்டு. டாக்டர் தவமலர். போனது: வீட்டுச் சாமான் எல்லாம், பிரஷர் மிஷின் ஒண்ணு, சைக்கிள் ஒண்ணு. காயிதம்: டாக்டர் சர்டிபிகேட். கல்யாண சர்டிபிகேட். இந்தியப் பிரஜை சர்டிபிகேட், எண்..." அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தார். "எழுதிக்கம்மா."

எழுதிக்கொண்டேன். தேதியும் இருந்தது: 9.11.2001. மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு பக்கத்தைப் படம் பிடித்து, நாலே முக்காலுக்கு அதிகாரிக்கு அனுப்பினேன்.

கூட்டம் கலையவில்லை. மாமா நோட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "ஊரு ஒரு வார்த்த கொடுத்துச்சு. நம்ம வரியிலேருந்து ஒருத்தரு நிக்கறாங்கன்னு தெரியாம கொடுத்த வார்த்த அது. தெரியாமப் போனது எங்க தப்பு, மணிபாரதி தப்பில்ல." பந்தலுக்கு வெளியே பார்த்தார். "வக்கீல் தம்பி, வெத்தல பாக்குத் தட்ட நாளைக்குக் காலையில நானே கொண்டாந்து மருவாதியாத் திருப்பிக் கொடுத்துட்டு வர்றேன்னு அவருகிட்ட சொல்லுங்க."

"அப்ப மனு தள்ளுபடி ஆச்சுன்னா?" என்றார் அறிவுச்செல்வன்.

"ஆச்சுன்னா ஊரு ஓட்டு போடாது. அவ்வளவுதான்."

மறுநாள் காலை அதிகாரியின் அறையில் கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். பத்தே காலுக்குப் புதுச்சேரியிலிருந்து, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பதில். பத்து நாற்பதுக்கு, அந்த வருடப் பதிவேடு இரண்டு தொகுதி, முதல் தொகுதியில் இல்லை என்றார்கள். அன்பழகன் சார் எழுந்து வெளியே போனார்; உடனே திரும்பி வந்தார்; மறுபடி போனார். டாக்டர் மட்டும் நோயாளிக்கு நாடி பிடிக்கிற மாதிரி தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை துடிப்பு என்று கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்கு அதிகாரியின் கணினியில் ஒரு பக்கம் வந்தது. அவர் நோட்டின் படத்தையும் அதையும் அருகருகே வைத்து, எண்ணைக் குரலெடுத்துப் படித்தார். பிறகு பெயரைப் படித்தார். பிறகு சிவப்பு மையில் எழுதிக்கொண்டே சொன்னார்: "ஆட்சேபணை நிராகரிக்கப்படுது. டாக்டர் தவமலருடைய மனு ஏற்கப்படுது."

டாக்டர் மணிக்கட்டை விட்டார்.

படியிறங்கும்போது அறிவுச்செல்வன் பின்னாலேயே வந்தார். "டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, அது என் வேலை. அம்மாவுக்கு முட்டி வலி தாங்கல. இன்னிக்கி சாயங்காலம் பாப்பீங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "டோக்கன் ஏழு" என்றேன். "ஆறரைக்குக் கூட்டிட்டு வாங்க. வயசானவங்கள காக்க வைக்கமாட்டோம்."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சின்னமாகத் தையல் மிஷின் கிடைத்தது. ஸ்டெதாஸ்கோப் கிடைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டபோது காசியம்மா அத்தை, "பேறுகாலத்துல எனக்கு எத்தன தையல் போட்டாங்கன்னு ஒனக்குத் தெரியுமா? இதத்தான் நாங்க நல்லா வெளக்குவோம்" என்றார். விளக்கவும் விளக்கினார்கள். மீன் கூடையோடு போகிற பெண்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொன்ன விளக்கங்களை நான் இங்கே எழுத முடியாது. மணிபாரதி கடைசிக் கூட்டத்தில், "ஓம்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சவங்க சட்டமன்றத்துல போயி என்னா பேசுவாங்க?" என்று கேட்டார். மறுநாள் பட்டினத்தில் எங்கே போனாலும் பிள்ளைகள் "ஓம், ஓம்" என்று கத்திக்கொண்டு எங்கள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். எங்களுக்குச் செலவில்லாத பிரச்சாரம்.

எண்ணிக்கை அன்று ஐந்தாவது சுற்று வரை பின்தங்கியிருந்தோம். ஆறாவது சுற்றில் பட்டினச்சேரிப் பெட்டிகள். அதற்குப் பிறகு நான் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆயிரத்து முந்நூற்றெட்டு ஓட்டு வித்தியாசம்.

சட்டமன்றத்தில் டாக்டரின் முதல் பேச்சு நான்கு நிமிடம். குளிர்பெட்டியும் பிரசவ வார்டும்தான். பதினான்கு மனுவையும் தேதி வாரியாக நான் அடுக்கிக் கொடுத்திருந்தேன். கவியாவின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். அன்பழகன் சார் வீட்டில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு, "பருத்தித்துறைத் தமிழ் கூடிப்போச்சே" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமைச்சர் எழுந்து, இந்த ஆண்டே செய்யப்படும் என்றார். பட்டினத்தில் இப்போது கட்டடம் சுண்ணாம்பு அடிக்கும் கட்டத்தில் இருக்கிறது. வாரா வாரம் டாக்டர் போய் நின்று மின்சார இணைப்பு எப்போது என்று கேட்கிறார்.

தேர்தல் நடந்த அதே வருடம் ஜூன் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, படகுகள் முதல் முறை கரை திரும்பிய அன்று, ஊர் வழக்கப்படி ஒரு படகின் மீனை எல்லா வரிக்கும் பங்கு போட்டார்கள். டாக்டருடைய பங்கை வீட்டுக்கே அனுப்பிவிடலாமே என்று தங்கப்பன் மாமா கேட்டனுப்பினார். வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் குண்டானைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு பேருக்கு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். காசியம்மா அத்தையிடம் சுகர் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுத் திட்டினார்.

நானூற்றுப் பதினொன்று வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் மாமா நோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நானூத்திப் பன்னெண்டு."

"ஓம்" என்றார் டாக்டர். குண்டானை நீட்டினார்.